ஐஸ் பெட்டிக்குள் முதல் ஆள்

ஈப்போவில் ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் வேலை செய்கிறேன். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் முட்டிவலிக்காரர்கள். நாற்காலியில் உட்கார்ந்த உடனே அவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "ஐஸ் வைக்கணுமா, சுடுதண்ணி ஒத்தடமா?" என்பதுதான். படித்ததை வைத்துப் பதில் சொல்கிறேன். ஆனால் சொல்வதற்கு முன்னால் ஒரு நொடி என் கண்ணில் ஒரு பெரிய மீன் பெட்டி வந்து போகும். அதற்குள் இடுப்பளவு ஐஸ் தண்ணீர். அதில் ஒரு தொந்தி. தொந்திக்கு மேலே உதடு நீலம் பாரித்த ஒரு முகம். அந்த நிலையிலும் அந்த முகம் என் அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும்.

அவரை எல்லாரும் 'அண்ணே' என்றுதான் கூப்பிட்டோம். என் அப்பாவுக்கும் அண்ணே, பதினைந்து வயதில் எனக்கும் அண்ணே, மார்க்கெட்டில் மீன் வாங்க வரும் சீன ஆன்ட்டிகளுக்கும் 'அண்ணே'. லுமுட்டிலிருந்து ஈப்போவுக்கு மீன் ஏற்றி வரும் லோரி அவருடையது. ஐம்பது வயதைத் தாண்டியவர். எடையைக் கேட்டால், "நான் மீன மட்டும்தான் நிறுப்பேன்" என்பார்.

அவருடைய குணத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம். எந்த விஷயமாக இருந்தாலும் முதலில் தன் உடம்பில் பார்த்துவிட வேண்டும். பார்க்காமல் நம்பமாட்டார், அடுத்தவருக்கும் கொடுக்கமாட்டார். "மொதல்ல என் ஒடம்பு பாக்கட்டும் லா" என்பார். வாங்கிய பாயில் முதலில் தான் படுப்பார், புதுச் செருப்பில் காலை விட்டுப் பார்ப்பார், அது மனைவியின் செருப்பாகவே இருந்தாலும். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது ஜாதகம், சம்பளம் எல்லாம் மற்றவர்கள் விசாரித்தார்கள். இவர் நேரே போய் அந்தப் பையனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறி உட்கார்ந்து, "கம்பார் வரைக்கும் போய்ட்டு வரலாம், ஓட்டு" என்றார். திரும்பி வந்து மனைவியிடம், "பிரேக்க நிதானமா புடிக்கிறான். குடுக்கலாம்" என்றார். கொடுத்தார்கள். அந்தப் பையன் இன்றைக்கும் நிதானமாகத்தான் இருக்கிறான்.

இப்படிப்பட்ட ஆள் எங்கள் கூடைப்பந்து குழுவுக்குள் எப்படி வந்தார் என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் தாமான், அதாவது வீடமைப்புக் குடியிருப்பு, பழைய ரப்பர் தோட்டத்தில் கட்டியது. வீடு கட்டிய முதலாளி, சீனர்கள் வாங்குவார்கள் என்று நினைத்து நடுவில் ஒரு கூடைப்பந்து திடல் போட்டுவிட்டார். வாங்கியது என்னவோ தோட்டத்து லயத்து வீடுகளில் இருந்து வந்த எங்கள் ஆட்கள். இரண்டு வருஷம் அந்தத் திடலில் துணி காய்ந்தது. பிறகு பணி ஓய்வு பெற்ற ஒரு சீன டீச்சர் வந்து, துணியையெல்லாம் எடுக்கச் சொல்லிவிட்டு, பத்து பெண் பிள்ளைகளைக் கூட்டி ஆட வைத்தார். அவர்தான் எங்கள் கோச்.

திடலுக்குப் பக்கத்தில்தான் அண்ணே லோரியை நிறுத்துவார். ஒருநாள், எங்கள் குழுவில் எல்லாரையும்விட உயரமான ஸ்டெல்லா, மாடிப்படியில் பின்பக்கமாக இறங்கி வருவதைப் பார்த்தார்.

"ஏன் புள்ள நண்டு மாதிரி எறங்குற?"

"நேத்து பிராக்டிஸ் அண்ணே. தொடையெல்லாம் கல்லா இருக்கு."

"அப்ப இன்னைக்கு எப்படி குதிப்ப?"

"குதிக்க மாட்டேன். நிப்பேன்."

இந்தப் பதில் அவரைக் குடைந்துவிட்டது. நாங்கள் எந்தப் போட்டிக்குப் போனாலும் முதல் ஆட்டத்தில் பறப்போம், இரண்டாவதில் ஓடுவோம், மூன்றாவதில் நிற்போம். எல்லாரும் இதற்குச் சாப்பாடு போதவில்லை, கண்ணு பட்டுவிட்டது என்று காரணம் சொல்வார்கள். அண்ணேதான் முதன்முதலாக, "ஆட்டம் முடிஞ்ச பெறகு இந்தக் காலுக்கு என்னா செய்யணும்?" என்று கேட்டவர். கோச் யோசித்துவிட்டு, விசில் ஊதும் வரை பிள்ளைகள் தன் பொறுப்பு, ஊதிய பிறகு அவர் பொறுப்பு என்று மலாயில் சொல்லிவிட்டார். அண்ணேவுக்குப் பந்தைப் பிடிக்கக்கூடத் தெரியாது. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

கைத்தொலைபேசியில் வீடியோ பார்த்துப் பார்த்து, வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் ஐஸ் தொட்டியில் உட்காருவதைக் கண்டுபிடித்தார். ஐஸுக்கா அவரிடம் பஞ்சம்? ஆள் படுக்கிற அளவு மீன் பெட்டிகள் இருந்தன. ஆனால் எங்களை உட்கார வைப்பதற்கு முன்னால் தான் உட்கார வேண்டுமே. அதில் ஒரு சிக்கல் இருந்தது. களைத்த காலுக்குத்தானே ஐஸ்? களைக்காமல் உட்கார்ந்தால் அது வெறும் குளியல். ஆகவே அவர் முதலில் களைக்க வேண்டும். அதனால் எங்களோடு சேர்ந்து ஓடினார்.

அந்தக் காட்சியை விவரிக்க எனக்குத் தெம்பு போதாது. நாங்கள் திடலில் நான்கு கோடு தொட்டுத் திரும்பினால், அவர் இரண்டு கோட்டைத் தொட்டுவிட்டு மற்ற இரண்டையும் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்புவார். குதிக்கச் சொன்னால் சட்டை மட்டும் குதிக்கும். கோச் விசிலைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்குவார். முடிந்ததும் அண்ணே நேரே போய் ஐஸ் பெட்டியில் உட்கார்வார். ஒரு அலறல் கேட்கும். பக்கத்துத் தெரு நாய்கள் பதில் கொடுக்கும். பத்து நிமிடம் கழித்து எழுந்து, "ம்ம். உயிர் இருக்கு. நீங்க வாங்க" என்பார்.

பல விஷயங்களை அவர் உடம்பு எங்களுக்காகத் தாங்கியிருக்கிறது. யாரோ சக்தி மாவு என்று ஒரு டின் கொடுத்தார்கள். எங்களுக்குக் கரைத்துக் கொடுப்பதற்கு முன் மூன்று கரண்டி தானே குடித்தார். இரண்டு நாள் தூங்கவில்லை. லோரியை மூன்று தடவை கழுவினார், பிறகு பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நிறுத்தியிருந்த காடியையும் கழுவினார். டின் குப்பைக்குப் போனது. தசையை உருட்டித் தேய்க்கும் உருளை வாங்கக் கடைக்குப் போய், அதன் விலையைக் கேட்டுத் திரும்பி வந்து, தண்ணீர்க் குழாய் ஒரு துண்டு வெட்டி அதன்மேல் படுத்து உருண்டார். குழாய் வெடித்தது. இன்னொரு தடவை, ஆட்டத்துக்கு முன்னாலேயே ஐஸில் உட்கார்ந்துவிட்டால் என்ன என்று தோன்றியது. உட்கார்ந்து எழுந்து ஓடினார். பத்தடியில் சாக்கடைக்குள் இருந்தார். "கால் எங்க இருக்குன்னே தெரியல லா" என்று உள்ளே இருந்தபடியே எங்களுக்கு அறிவித்தார். அந்த யோசனை அதோடு முடிந்தது.

அம்மாவுக்கு விஷயம் தெரிந்த அன்றுதான் அந்தச் சண்டை. கையுறைத் தொழிற்சாலையில் வேலை முடித்து, சீருடையோடு அப்படியே திடலுக்கு வந்துவிட்டார். அண்ணே அப்போது பெட்டிக்குள் இருந்தார்.

"வேர்த்த ஒடம்போட பொம்பளப் புள்ளைங்கள ஐஸ்ல ஒக்கார வைக்கிறீங்களாமே? நாளைக்கு ஜன்னி வந்தா யாரு பாக்குறது?"

"தங்கச்சி, மொதல்ல நான் பாத்துட்டுத்தான்..." பல் கிட்டிக்கொண்டதால் மிச்சம் வரவில்லை.

"நீங்க பாத்தீங்க. ஒங்களுக்குக் கொழுப்பு இருக்கு, தாங்குது. எம்பொண்ணுக்கு என்னா இருக்கு?"

"அதுக்குத்தான் மூணு குரூப்பா பிரிச்சிருக்கேன். ஒங்க பொண்ணு ஐஸ்ல இல்ல."

"பின்ன எதுல?"

"சும்மா ஒக்கார்ற குரூப்பு."

அம்மா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில், இதற்குத்தானா உனக்கு ஷூ வாங்கிக் கொடுத்தேன் என்ற கேள்வி இருந்தது.

அந்தக் குரூப் ஏற்பாடு அண்ணேவின் பெரிய திட்டம். பாகான் செராயில் மூன்று மாதம் கழித்து ஒரு போட்டி. இரண்டு நாளில் மூன்று ஆட்டம். கடைசி ஆட்டத்தைப் பார்க்க, மாநில விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கும் தேர்வாளர்கள் வருவதாகக் கோச் சொல்லியிருந்தார். அவர்கள் எங்கள் குழுவில் பார்க்கப்போவது ஒரே ஒரு ஆளைத்தான், அது ஸ்டெல்லா. எடுபட்டால் தங்குமிடம், சாப்பாடு, படிப்பு எல்லாம் அங்கேயே. அவளுக்கு அம்மா இல்லை. அப்பாவுக்கு இரவு காவல் வேலை. இருவரும் குடியிருந்த வீடு வேறு கைமாறப் போகிறது என்று பேச்சு இருந்தது. ஆகவே மூன்றாவது ஆட்டத்தில் ஸ்டெல்லாவின் கால் குதித்தாக வேண்டும். அதற்கு எது உதவும் என்று மூன்று மாதத்தில் கண்டுபிடிக்க வேண்டும்.

நான்கு பேர் பயிற்சி முடிந்ததும் ஐஸ். ஸ்டெல்லா அதில். மூன்று பேர் திடலைச் சுற்றி மெதுவாக நடக்க வேண்டும். நானும் இன்னும் இரண்டு பேரும் ஒன்றும் செய்யாமல் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வேண்டும். அண்ணே மூன்றையும் மாற்றி மாற்றி, வாரத்துக்கு ஒன்றாகத் தன் உடம்பில் செய்தார்.

மறுநாள் சாயங்காலம் காலின் பலத்தை அளப்பார். மீன் நிறுக்கும் தொங்கு தராசைக் கூடைக் கம்பத்தில் கட்டி, அதன் கொக்கியைப் பழைய டியூப் வளையத்தில் மாட்டி, வளையத்தை எங்கள் கணுக்காலில் போடுவார். நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை முன்னால் உதைத்து நீட்ட வேண்டும். முள் எத்தனை கிலோ காட்டுகிறதோ அதை நோட்டில் எழுதுவார். ஆளுக்கு ஒரு பக்கம். அவருக்கும் ஒரு பக்கம். அவர் உதைக்கும்போது முள்ளைப் படிக்கும் வேலை எனக்கு. "சத்தமா சொல்லு, மறைக்காத" என்பார். சொல்வேன். பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். அவர் அதையும் சேர்த்தே எழுதுவார். கணுக்காலில் கெம்போங் மீன் வாடையோடு நாங்கள் பள்ளிக்கூடம் போன காலம் அது.

ஒரு கண்டிப்பான விதி வைத்திருந்தார். மறுநாள் அளக்கும் வரை காலில் எண்ணெய், தைலம், சுடுதண்ணீர் எதுவும் படக்கூடாது. பட்டால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும். "பொய் சொல்ற ஆளுக்குப் போட்டிக்குப் போற வேன்ல எடம் இல்ல" என்றார்.

விதி எல்லாம் சரிதான். ஆனால் அவர் எங்கள் அம்மாக்களைக் கணக்கில் எடுக்கவில்லை.

நான் வீட்டுக்குள் காலை வைத்ததும் அம்மா சுடுதண்ணீர் வாளியோடு நிற்பார். பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் அடுப்பு மேடையில் இருக்கும். "சும்மா ஒக்காரச் சொன்னா சும்மா விட்ருவேனா? இந்தா, காலக் குடு" என்று கெண்டைக்காலில் கட்டை விரலை அழுத்துவார். உயிர் போய் வரும். மறுநாள் கால் லேசாக இருக்கும். "அந்த ஆளுகிட்ட வாயத் தொறக்காத" என்பதோடு சிகிச்சை முடியும்.

என் நாற்காலித் தோழிகள் இரண்டு பேர் வீட்டிலும் இதே கதை என்று சீக்கிரமே தெரிந்துகொண்டேன். மூவரும் கமுக்கமாக இருந்தோம். வேனில் இடம் போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். இன்னொரு காரணத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வாரம் ஏற ஏற தராசில் எங்கள் மூவரின் கால்தான் முள்ளை அதிகம் தள்ளியது. அண்ணே நோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "ஒக்கார்றதுல நீ ஸ்டேட் லெவல் லா" என்றார். அதுவரை என்னை எதிலும் யாரும் ஸ்டேட் லெவல் என்று சொன்னதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

போட்டிக்குப் போகும் வாரம் அண்ணே நோட்டை விரித்து வைத்துக்கொண்டு பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினார். அவருடைய சொந்தப் பக்கம் வேறு கதை சொன்னது. ஐஸ் வாரத்தில் அவரால் மறுநாள் ஓரளவு நடக்க முடிந்தது. சும்மா உட்கார்ந்த வாரத்தில் லோரியில் ஏற முடியாமல், அவர் மனைவி பின்னாலிருந்து தள்ளி ஏற்றியதைத் தாமானே பார்த்தது. ஆனால் எங்கள் மூன்று பேரின் பக்கங்களும் ஒரே குரலில், சும்மா உட்காருவதுதான் நல்லது என்றன.

"என்னோடது கெழட்டு ஒடம்பு. ஒங்களோடது எளசு" என்றார் கடைசியில். "தராசு என்னா பொய்யா சொல்லும்? பாகான் செராயில ஐஸ் வேணாம். எல்லாரும் சும்மா ஒக்காருங்க."

ஸ்டெல்லா கையைத் தூக்கினாள். "அண்ணே, எனக்கு மட்டும் ஐஸ் இருக்கட்டுமே. எனக்கு அது ஒத்துப்போவுது."

"எனக்கும் அப்படித்தான் புள்ள தோணுது. ஆனா தோணுறத வச்சு ஒன்னோட வாழ்க்கையில வெளையாட முடியாது. இந்தப் பத்துப் பேர் கணக்கு வேற சொல்லுது."

அவர் தன் உடம்பை நம்பாமல் இன்னொருவர் சொல்லை நம்பியது, எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான். நான் அங்கேயே நின்றேன். வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

சனிக்கிழமை இரண்டு ஆட்டமும் ஜெயித்தோம். ஸ்டெல்லா எதிராளிகளின் தலைக்கு மேலே பந்தை எடுத்தாள். சாயங்காலம் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் தங்கினோம். அண்ணே சொன்னபடி எல்லாரும் சும்மா உட்கார்ந்தோம். அம்மா இல்லை, வாளி இல்லை, எண்ணெய் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பேரும் எழுந்த அழகைப் பார்த்திருக்க வேண்டும். ஒருத்தி சுவரைப் பிடித்தாள், ஒருத்தி என்னைப் பிடித்தாள், நான் மேசையைப் பிடித்தேன், மேசை நகர்ந்தது. படியில் பத்துப் பேரும் பின்பக்கமாக இறங்கினோம். கீழே பசியாற ரொட்டி சானாய் வாங்கி வைத்திருந்த அண்ணே நிமிர்ந்து பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

மூன்றாவது ஆட்டத்தில் ஸ்டெல்லா நின்றாள். முழங்கால் மடங்கவே இல்லை. கைக்கு எட்டிய பந்தை மட்டும் எடுத்தாள். திடலோரத்தில் இரண்டு தேர்வாளர்கள் இருந்தார்கள், ஒரு மலாய்க்காரரும் ஒரு சீனப் பெண்ணும். பாதி ஆட்டத்தில் அந்தப் பெண் பேனாவை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டார். இடைவேளையில் நேராக அண்ணேவிடம் போனேன்.

"அண்ணே, நான் சும்மா ஒக்காரல."

"என்னா?"

"வீட்டுக்குப் போனா அம்மா சுடுதண்ணி ஊத்தி எண்ணெய் போட்டு அமுக்குவாங்க. மூணு மாசமா. அதனாலதான் நம்பர் ஏறுச்சு. அந்தக் கணக்கு பொய் அண்ணே."

என் நாற்காலித் தோழிகள் இருவரும் தலையைக் குனிந்துகொண்டு, "எங்களுக்கும் தான்" என்றார்கள். அதுவரை இது எங்கள் மூன்று பேரின் குற்றம் என்றுதான் நினைத்திருந்தேன். அப்போது நடை குரூப்பில் ஒருத்தி, "எங்க அத்த தைலம் போடுவாங்க" என்றாள். மற்ற இருவரும், "எங்களுக்கு விளக்கெண்ணெய்" என்றார்கள். ஐஸ் குரூப்பில் மூன்று பேர், ஐஸில் உட்கார்ந்துவிட்டுப் போன கையோடு சுடுதண்ணீரில் ஊறியதாகச் சொன்னார்கள். ஜன்னி வரக்கூடாது என்று ஒரு வீட்டில் சாம்பிராணி வேறு போட்டிருக்கிறார்கள்.

அண்ணே கடைசியாக ஸ்டெல்லாவைப் பார்த்தார்.

"எனக்கு யாரு அண்ணே போட்டுவிடுவா?" என்றாள் அவள். புகாராகச் சொல்லவில்லை. நேரம் என்ன என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நடுவர் விசில் ஊதினார், அழுதுகொண்டே ஆடினேன். படுமோசமாகத் தோற்றோம்.

ஆட்டம் முடிந்ததும் தேர்வாளர்கள் கிளம்பத் தயாரானார்கள். அண்ணே நோட்டை எடுத்துக்கொண்டு வேகமாக நடந்தார். அவர் வேகமாக நடந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். நாங்களும் நொண்டிக்கொண்டே பின்னால் போனோம். அவர்கள் முன்னால் நின்று, எங்கள் பக்கங்களை ஒவ்வொன்றாகக் கிழித்தார். ஒன்பது பக்கம். என் பக்கம் கிழிபட்ட சத்தம் எனக்குத் தனியாகக் கேட்டது. மிச்சம் இருந்த இரண்டு பக்கத்தை நீட்டி மலாயில் சொன்னார். "சார், நேற்று நான் செய்தது தப்பு. இந்தப் பிள்ளைகள் கணக்கை நம்பி இவளுக்கு ஐஸ் கொடுக்கவில்லை. அதனால்தான் இன்றைக்கு நின்றுவிட்டாள். இது மூன்று மாதக் கணக்கு. பாருங்கள், ஒவ்வொரு தடவையும் மறுநாளே பலம் திரும்பியிருக்கிறது. வாரா வாரம் ஏறியிருக்கிறது."

அந்த மலாய்க்காரர் ஸ்டெல்லாவின் பக்கத்தை மேலிருந்து கீழே படித்தார். பிறகு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். புருவம் ஏறியது. "இது யார்? இந்தப் பெண்ணுக்கு ஏதாவது நோயா?"

"அது நான்தான் சார்."

"நீங்கள் ஏன் அளந்தீர்கள்?"

"என் உடம்பில் பார்க்காததை அவர்கள் உடம்பில் எப்படிச் செய்வது?"

அவர் தன் கூட வந்த பெண்ணைப் பார்த்தார். அந்தப் பெண் அண்ணேவின் பக்கத்தை வாங்கிப் பார்த்தார். முதலில் சிரித்தார். பக்கம் முடியும்போது சிரிக்கவில்லை. பையைத் திறந்து பேனாவை எடுத்தார். யாராவது ஏமாற்ற வேண்டும் என்று நினைத்திருந்தால் இவ்வளவு கேவலமான எண்களைத் தன் பேரில் எழுதி வைத்திருக்க மாட்டார்கள் என்று பிறகு கோச்சிடம் சொன்னாராம். அடுத்த மாதம் ஸ்டெல்லாவை ஒரு வாரம் விடுதிக்கு வரச் சொன்னார்கள். அந்த வாரத்தில் அவள் குதித்தாள், எடுத்துக்கொண்டார்கள். ஐஸினால் குதித்தாளா, இரவு நன்றாகத் தூங்கியதால் குதித்தாளா என்று அண்ணேவிடம் கேட்டேன். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லக்கூடாது என்றார்.

ஆனால் அன்றைக்கு வேனில் திரும்பும்போது இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. தைப்பிங் தாண்டும் வரை ஒருவரும் பேசவில்லை. அண்ணே ஓட்டிக்கொண்டிருந்தார். நான் முன் இருக்கையில் இருந்தேன். எனக்குத் தாங்கவில்லை.

"அண்ணே, எங்க மேல கோவமா?"

"கோவம் எதுக்கு? ஒங்கம்மா ஒனக்கு எண்ணெ போட்டதுக்கு நான் கோவப்பட்டா நான் மனுசனா?"

"பின்ன ஏன் பேச மாட்டேங்கிறீங்க?"

முன்னால் போன ஒரு லோரியைத் தாண்டிவிட்டுச் சொன்னார்.

"மூணு மாசமா எங்க வீட்டுல அவ எண்ணெ பாட்டில தூக்கிக்கிட்டு வருவா. 'ஐயோ, முனகுறீங்களே, கொஞ்சம் தேச்சு விடுறேன்'னு கெஞ்சுவா. வேணாம்பேன். வலி உயிர் போவும். அப்ப என்னா நெனச்சுக்குவேன் தெரியுமா? இந்நேரம் நம்ம புள்ளைங்க பத்துப் பேரும் இதே வலியோடதான் படுத்திருக்கும், நான் மட்டும் போட்டுக்கிட்டா நல்லாவா இருக்கும், அப்படின்னு நெனச்சுக்கிட்டுப் பல்லக் கடிச்சுக்கிட்டுக் கெடப்பேன்." கண்ணாடியில் எங்கள் எல்லாரையும் ஒரு தடவை பார்த்தார். "கடைசியில பாத்தா நான் ஒருத்தன் மட்டும்தான் கெடந்திருக்கேன்."

பின்னால் யாரோ சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார்கள். கடைசி இருக்கையில், கால் நீட்ட இடம் இல்லாமல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் ஸ்டெல்லா.

"நானும் கெடந்தேன் அண்ணே" என்றாள்.